நுழைவுச் சோதனை: புதிய செயலியை மேக் கணினி எப்படி எடைபோடுகிறது

கணினியில் ஒரு செயலி ஓடத் தொடங்கியதும், அதைத் திறந்தவருக்கு என்னென்ன உரிமைகள் உண்டோ அவற்றில் பெரும்பகுதி அந்தச் செயலிக்கும் வந்துவிடுகிறது. அது அவருடைய ஆவணங்களைப் படிக்கலாம், படங்களை அழிக்கலாம், சேமித்து வைத்த கடவுச்சொற்களைத் தேடலாம், கிடைத்ததையெல்லாம் இணையத்தின் வழியே வெளியே அனுப்பலாம். பலர் ஒரே இயந்திரத்தைப் பங்கிட்டுக்கொண்ட 1970களில் வளர்ந்த யூனிக்ஸ் மரபின் பாதுகாப்பு, ஒருவருடைய கோப்பை மற்றொருவர் தொடாமல் காப்பதையே முதன்மையான கவலையாகக் கொண்டிருந்தது. ஒருவர் தாமே இயக்கும் நிரல் அவருக்கே எதிராகத் திரும்பக்கூடும் என்பதற்கு அந்த வடிவமைப்பில் பெரிய இடம் இருக்கவில்லை. ஒரே ஆள் பயன்படுத்தும் மடிக்கணினியிலோ மற்றொரு பயனர் என்பவரே பெரும்பாலும் இல்லை. ஆபத்து அந்த ஒரே ஆள் பதிவிறக்கித் திறக்கும் நிரலின் உருவில்தான் வருகிறது. ஆகவே இன்றைய இயங்குதளங்கள் தம் காவலை, புதிய செயலி முதன்முறையாகத் திறக்கப்படும் இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கின்றன. ஆப்பிள் நிறுவனத்தின் மேக் கணினிகளில் இந்தக் காவலுக்குக் கேட்கீப்பர் என்று பெயர். அது எதைச் சோதிக்கிறது, எதைச் சோதிப்பதில்லை என்பது தெரியாமலேயே அதன் எச்சரிக்கைப் பெட்டியில் ஏதோ ஒரு பொத்தானை அழுத்திக் கடந்துபோகிறவர்களே மிகுதி.

மேக் கணினிக்கு வைரஸ் வராது என்ற நம்பிக்கை 2000களில் பரவலாக இருந்தது. உலகின் பெரும்பாலான கணினிகள் விண்டோஸில் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், தீநிரல் எழுதுவோர் சிறிய கூட்டம் ஒன்றைத் தேடிப் போக வேண்டிய தேவை இருக்கவில்லை என்பது அந்த நம்பிக்கைக்குப் பின்னாலிருந்த பெரிய காரணம். இயங்குதளத்தின் வலிமை அதற்கு அடுத்தபடிதான். ஆப்பிளும் இதை உள்ளூர அறிந்தே இருந்தது. 2007 அக்டோபரில் வெளியான லெப்பர்டு பதிப்பில், இணையத்திலிருந்து இறங்கும் கோப்புகளின் மீது ஒரு குறியை இட்டுவைக்கும் முறையும், செயலிகளுக்கு மின்னணுக் கையொப்பம் இடும் வசதியும் சேர்ந்தன. 2009இல் வந்த ஸ்னோ லெப்பர்டு பதிப்பில், அறியப்பட்ட தீநிரல்களின் அடையாளங்களைக் கொண்ட ஒரு பட்டியல் இடம்பெற்றது. எக்ஸ்புரொடெக்ட் என்று பின்னர் அறியப்பட்ட அந்தப் பட்டியலில் தொடக்கத்தில் இருந்தவை இரண்டே இரண்டு தீநிரல்கள்தாம்.

அந்த அமைதி 2011 மே மாதத்தில் கலைந்தது. ‘உங்கள் கணினியில் வைரஸ் உள்ளது’ என்று இணையப் பக்கத்தில் பொய்யாக அலறி, தன்னை வைரஸ் தடுப்பு மென்பொருளாகக் காட்டிக்கொண்டு, கடன் அட்டை எண்ணைக் கறக்கும் மேக் டிஃபெண்டர் என்ற போலிச் செயலி பரவியது. தீநிரல் பட்டியலை நாள்தோறும் புதுப்பிக்கும் ஏற்பாட்டை ஆப்பிள் அவசரமாகக் கொண்டுவந்தது. ஒரு நாள் முடிவதற்குள், அந்தப் பட்டியலில் சிக்காத புதிய வடிவத்தை மோசடிக்காரர்கள் வெளியிட்டுவிட்டார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலில், ஃபிளாஷ்பேக் என்ற தீநிரல் ஜாவா மென்பொருளில் இருந்த ஓட்டை வழியாக 6,00,000க்கும் மேற்பட்ட மேக் கணினிகளில் புகுந்திருப்பதை ரஷ்யாவின் டாக்டர் வெப் நிறுவனம் கண்டறிந்தது. கெட்டவை எவை என்று பட்டியலிட்டுத் தடுக்கும் முறை எப்போதும் எதிரிக்கு ஓரடி பின்னாலேயே ஓடும் என்பது இவ்விரண்டு ஆண்டுகளில் தெளிவாகிவிட்டது. 2012 ஜூலையில் மவுண்டன் லயன் பதிப்போடு வந்த கேட்கீப்பர் கேள்வியைத் திருப்பிப் போட்டது: இந்தச் செயலி கெட்டது என்று தெரியுமா என்பதற்கு முன்பாக, இதைச் செய்தவர் யார் என்று தெரியுமா என்று அது கேட்டது.

கேட்கீப்பரின் விசாரணை தொடங்குவதற்கு ஒரு தூண்டுகோல் வேண்டும். அதுதான் 2007இல் வந்த அந்தக் குறி. சஃபாரி, குரோம் போன்ற உலாவிகளோ மின்னஞ்சல் செயலிகளோ ஒரு கோப்பைப் பதிவிறக்கும்போது, கோப்பின் உள்ளடக்கத்தைத் தொடாமல், அதனோடு ஒட்டிய கூடுதல் பண்பாகக் குவாரன்டைன் என்ற ஒரு சிறு வரியை எழுதிவைக்கின்றன. அந்த வரியில் அரைப்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட நான்கு பகுதிகள் உண்டு. முதலாவது, கோப்பு எந்த நிலையில் இருக்கிறது, பயனர் அதற்கு ஏற்கெனவே ஒப்புதல் அளித்துவிட்டாரா என்பவற்றைக் குறிக்கும் சில இலக்கங்கள். இரண்டாவது, பதிவிறக்கிய நேரம். மூன்றாவது, எந்தச் செயலி அதைப் பதிவிறக்கியது என்ற பெயர். நான்காவது, கோப்பு எந்த இணைய முகவரியிலிருந்து வந்தது என்ற விவரத்தைக் கணினியின் உள்ளே இருக்கும் ஒரு தரவுத்தளத்தில் தேடி எடுக்க உதவும் நீண்ட அடையாள எண். ஜிப் கோப்பொன்றை மேக்கின் சொந்தக் கருவியால் விரித்தால், அதன் மேலிருந்த குறி உள்ளிருந்து வெளிவரும் கோப்புகளுக்கும் பரவிவிடுகிறது.

இந்த ஏற்பாட்டின் பலவீனமும் இதே இடத்தில்தான் இருக்கிறது. குறியை இடுவது பதிவிறக்கும் செயலியின் பொறுப்பு. அது இடாவிட்டால் குறி இல்லை. டெர்மினல் எனப்படும் கட்டளைத் திரையில் கர்ல் என்ற கருவியால் இறக்கப்படும் கோப்பில் குறி விழுவதில்லை. பென் டிரைவில் வரும் கோப்பும், ஏற்கெனவே குறியைச் சுமந்திராவிட்டால், புதிதாகக் குறி பெறுவதில்லை. 2019க்குப் பிறகு, எக்ஸ்புரொடெக்ட் பட்டியலோடு ஒப்பிடும் சோதனை மட்டும் குறியில்லாத செயலிகளுக்கும் விரிவாக்கப்பட்டதே தவிர, கேட்கீப்பரின் முழு விசாரணையும் இன்றுவரை குறியையே நம்பி நிற்கிறது.

குறி இருக்கிறது என்றால் அடுத்துப் பார்க்கப்படுவது கையொப்பம். எவ்வளவு பெரிய கோப்பையும் ஒரு கணித முறையால் நிலையான நீளமுள்ள ஓர் எண்ணாகச் சுருக்கலாம். ஹாஷ் எனப்படும் இந்த எண், மூலக் கோப்பில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். செயலியை உருவாக்குபவர் இந்த எண்ணைத் தம்மிடம் மட்டும் இருக்கும் ரகசியச் சாவியால் பூட்டி, செயலியோடு சேர்த்து அனுப்புகிறார். அதற்கு இணையான பொதுச் சாவி எல்லோருக்கும் கிடைக்கும்; அதைக் கொண்டு எந்தக் கணினியும் இரண்டு செய்திகளை உறுதிசெய்துகொள்ளலாம்: கையொப்பமிட்ட பிறகு செயலியில் யாரும் கை வைக்கவில்லை என்பது ஒன்று; கையொப்பமிட்டது அந்த ரகசியச் சாவியை வைத்திருப்பவர் என்பது மற்றொன்று. அவர் பெயர் என்ன என்பதற்கு ஆப்பிள் வழங்கும் டெவலப்பர் ஐடி என்ற சான்றிதழ் சாட்சி. ஆண்டுக்கு 99 அமெரிக்க டாலர் கட்டணம் செலுத்தி, தம் அடையாளத்தை நிறுவியவர்களுக்கு அந்தச் சான்றிதழ் கிடைக்கிறது. தவறு நடந்தால் ஆப்பிள் அதை ரத்து செய்யலாம், ரத்தானவுடன் அந்தச் சாவியால் கையொப்பமிடப்பட்ட செயலிகளைக் கணினிகள் மறுக்கத் தொடங்கும்.

இதில் செயலி நல்லதா என்ற கேள்வி எங்கும் எழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவாகிவிட்டதனாலேயே சொத்தில் வில்லங்கம் இல்லை என்று ஆகிவிடுவதில்லை. இன்னார் கையெழுத்திட்டார் என்பது மட்டுமே அங்கே பதிவாகிறது. கேட்கீப்பரின் முதல் வடிவமும் அவ்வளவுதான் உறுதி சொன்னது. அமைப்புகளில் அது மூன்று தேர்வுகளை முன்வைத்தது: ஆப்பிளின் ஆப் ஸ்டோரிலிருந்து வரும் செயலிகளை மட்டும் அனுமதிப்பது; அவற்றோடு அடையாளம் தெரிந்த உருவாக்குநர்களின் செயலிகளையும் அனுமதிப்பது; எங்கிருந்து வந்தாலும் அனுமதிப்பது. ஆப் ஸ்டோர் செயலிகள் ஆப்பிளின் பரிசீலனையைக் கடந்தவை. 2012 ஜூனிலிருந்து அவை சாண்ட்பாக்ஸ் எனப்படும் கட்டுப்பட்ட வெளிக்குள் மட்டுமே இயங்க வேண்டும் என்ற விதியும் உண்டு. ஆனால் பாதுகாப்பான அந்த வெளிக்குள் எல்லாச் செயலிகளாலும் வேலை செய்ய முடியாது என்பதனால், இரண்டாவது தேர்வே பெரும்பாலோருக்குப் பொருத்தமானது. புதிய கணினி அந்த நிலையிலேயே வருகிறது.

இரண்டாவது தேர்வு எங்கே தோற்கும் என்பதை 2016 மார்ச் 4 அன்று நடந்த ஒரு நிகழ்வு காட்டியது. டிரான்ஸ்மிஷன் என்பது டொரன்ட் கோப்புகளை இறக்குவதற்கான, நற்பெயர் பெற்ற இலவசச் செயலி. அதன் அதிகாரபூர்வத் தளத்துக்குள் ஊடுருவிய சிலர், அங்கிருந்த 2.90 பதிப்பின் நிறுவல் கோப்பை எடுத்துவிட்டுத் தாங்கள் திருத்திய கோப்பை வைத்தார்கள். அதற்குள், பார்வைக்கு ஆர்டிஎஃப் ஆவணம் போன்ற பெயரோடு, கீரேஞ்சர் என்ற பணயத் தீநிரல் ஒளிந்திருந்தது. அது உடனே எதையும் செய்யவில்லை. மூன்று நாள் அமைதியாகக் காத்திருந்துவிட்டுப் பிறகு பயனரின் ஆவணங்களைக் குறியாக்கிப் பூட்டி, திறந்துவிட ஒரு பிட்காயின், அன்றைய மதிப்பில் சுமார் 400 டாலர், கேட்கும்படி எழுதப்பட்டிருந்தது. பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் சில மணி நேரத்திலேயே இதைக் கண்டுபிடித்தார்கள். ஆப்பிள் சான்றிதழை ரத்து செய்தது. அதற்குள் சுமார் 6,500 முறை அந்தக் கோப்பு பதிவிறக்கப்பட்டிருந்தது.

கேட்கீப்பர் ஏன் தடுக்கவில்லை என்றால், தடுக்க அதற்கு முகாந்திரமே இல்லை. திருத்திய கோப்பு முறையான டெவலப்பர் ஐடி சான்றிதழால் கையொப்பமிடப்பட்டிருந்தது. அது டிரான்ஸ்மிஷன் குழுவின் வழக்கமான சான்றிதழ் இல்லை. வேறொருவர் பெயரிலான சான்றிதழ். ஆயினும் கேட்கீப்பரின் கேள்வி ‘அடையாளம் தெரிந்த யாரேனும் ஒருவர் கையொப்பமிட்டிருக்கிறாரா’ என்பதுதான். ‘இந்தச் செயலிக்கு வழக்கமாகக் கையொப்பமிடும் அதே ஆள்தானா’ என்று அது கேட்கவில்லை. இரண்டு கேள்விகளுக்கும் உள்ள இடைவெளி வழியாகத்தான் கீரேஞ்சர் நுழைந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அதே செயலியின் தளம் மீண்டும் ஊடுருவப்பட்டு, கீட்னாப் என்ற வேறொரு தீநிரல் இதே வழியில் விநியோகிக்கப்பட்டது. அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள் என்ற அறிவுரை நல்லதுதான். அது போதுமானது என்று சொல்ல இந்த இரண்டு நிகழ்வுகளுக்குப் பிறகு யாராலும் முடியாது.

2018இல் மொஹாவி பதிப்போடு அறிமுகமாகி, 2019இல் கேட்டலினா பதிப்போடு கட்டாயமான நோட்டரைசேஷன் என்ற நடைமுறை இதற்கு ஆப்பிள் தந்த மறுமொழி. உருவாக்குநர் தம் செயலியைக் கையொப்பமிட்ட பின் ஆப்பிளின் வழங்கிக்கு அனுப்புகிறார். அங்கே ஒரு தானியங்கி நிரல் அதைத் தீநிரல் அடையாளங்களுக்காகத் துருவிப் பார்த்துவிட்டு, பெரும்பாலும் சில நிமிடங்களில், டிக்கெட் எனப்படும் ஒரு சான்றை வெளியிடுகிறது. அந்தச் சான்றைச் செயலியோடு ஒட்டியும் அனுப்பலாம். ஒட்டாவிட்டால் பயனரின் கணினி இணையத்தில் ஆப்பிளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும். ஆப் ஸ்டோரில் நடப்பதுபோல மனிதர் எவரும் அமர்ந்து பரிசீலிப்பது இங்கே இல்லை. ஆனால் முன்பு சான்றிதழை மட்டுமே ரத்து செய்ய முடிந்த ஆப்பிளுக்கு, இப்போது ஒரு செயலியின் ஒரு குறிப்பிட்ட பதிப்பை மட்டும் ரத்து செய்யும் வசதி கிடைத்தது; சாவி திருடுபோன ஓர் உருவாக்குநரின் நல்ல செயலிகள் அனைத்தையும் சேர்த்து முடக்க வேண்டிய கட்டாயம் நீங்கியது.

தானியங்கி ஆய்வுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம் என்பதும் விரைவிலேயே வெளிப்பட்டது. ஹோம்பிரூ என்ற புகழ்பெற்ற இலவச மென்பொருள் திட்டத்தின் முகவரியைப் போலத் தோன்றும் போலித் தளம் ஒன்று, ஃபிளாஷ் பிளேயரைப் புதுப்பிக்கச் சொல்லி விளம்பரத் தீநிரல் ஒன்றை விநியோகித்து வந்தது. அந்தக் கோப்பைச் சோதித்த பீட்டர் டான்டினியும் பேட்ரிக் வார்டிலும், அது ஆப்பிளின் சான்று பெற்றிருப்பதை 2020 ஆகஸ்டில் கண்டார்கள். ஆகஸ்ட் 28 அன்று ஆப்பிள் சான்றை ரத்து செய்தது. ஆகஸ்ட் 30 அன்று அதே தளத்திலிருந்து புதிய கோப்புகள் இறங்கின. அவையும் ஆப்பிளின் சான்று பெற்றவை. ஆப்பிள் சோதித்தது என்ற வாசகம் எச்சரிக்கைப் பெட்டியில் தரும் ஆறுதலுக்கு இதைவிடத் தெளிவான எல்லைக் கோடு வேண்டியதில்லை.

காவலரையே ஏமாற்றிவிட்டுப் போகும் வழிகளும் இருந்தன. அவற்றுள் 2021இல் சரிசெய்யப்பட்ட ஒன்று படித்தறியத் தக்கது. மேக்கில் செயலி என்று ஒரே படமாகத் தெரிவது உண்மையில் பல கோப்புகள் அடங்கிய ஓர் உறை. அதற்குள் இன்ஃபோ என்ற விவரக் கோப்பு ஒன்று இருந்து, செயலியின் பெயர், பதிப்பு, முதலில் இயக்க வேண்டிய கோப்பு எது என்பவற்றைச் சொல்லும். அந்த விவரக் கோப்பே இல்லாமல், உள்ளே வெறும் கட்டளை வரிகளாலான உரைக் கோப்பை மட்டும் வைத்து ஒரு செயலியைக் கட்டினால், இயங்குதளத்தின் ஒரு பகுதி அதைச் செயலியாக ஏற்று இயக்கியது. சோதனையிட வேண்டிய பகுதியோ அதைச் செயலியாகவே கருதாமல் எந்தக் கேள்வியும் இன்றி விட்டுவிட்டது. செட்ரிக் ஓவன்ஸ் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் இதைக் கண்டு ஆப்பிளுக்குத் தெரிவித்தார். 2021 ஏப்ரலில் மேக் இயங்குதளத்தின் 11.3 பதிப்பில் ஓட்டை அடைக்கப்பட்டது. அதற்குள் அந்த ஆண்டு ஜனவரியிலிருந்தே ஷ்லேயர் என்ற தீநிரல் குடும்பம் அதைப் பயன்படுத்தி வந்தது பின்னர் தெரிந்தது. கையொப்பக் கணிதத்தில் இங்கே ஒரு பிழையும் இல்லை. ஒரே பொருளை இரண்டு நிரல்பகுதிகள் இரண்டு விதமாக வகைப்படுத்தின, அவ்வளவுதான். கேட்கீப்பரை ஏமாற்றும் வேறொரு ஓட்டையை மைக்ரோசாப்ட் ஆய்வாளர்கள் கண்டறிந்து 2022 டிசம்பரில் விளக்கினார்கள். அதில் குவாரன்டைன் குறியையே கோப்பின் மீது எழுதவிடாமல் தடுக்கும் தந்திரம் கையாளப்பட்டது.

பாதுகாப்பு ஏற்பாடு தானே தடையாக மாறிய நாளும் உண்டு. 2020 நவம்பர் 12, பிக் சர் பதிப்பு வெளியான நாள். அன்று பழைய பதிப்புகளை வைத்திருந்தவர்களின் கணினிகளிலும் செயலிகள் திறக்க மறுத்தன, அல்லது நிமிடக்கணக்கில் இழுத்தன. செயலியைத் திறக்கும்போது அதன் சான்றிதழ் ரத்தாகிவிட்டதா என்று மேக் ஆப்பிளின் வழங்கியைக் கேட்கும். இணையமே இல்லாவிட்டால் கேள்வியைக் கைவிட்டுச் செயலியைத் திறந்துவிடும். அன்று வழங்கி இறந்துபோகவில்லை, திணறிக்கொண்டிருந்தது. ஆகவே கணினிகள் பதிலுக்காகக் காத்துக் கிடந்தன. இணைய இணைப்பைத் துண்டித்தவர்களின் கணினிகள் உடனே வேலை செய்தன என்பது இதன் வேடிக்கையான பக்கம். அந்த விசாரணை குறியாக்கம் இல்லாமல் போய்வருகிறது என்பதும், எந்த உருவாக்குநரின் செயலி எப்போது திறக்கப்பட்டது என்பதை வழியில் இருப்பவர்கள் ஊகிக்கலாம் என்பதும் அன்றுதான் பரவலாகப் பேசப்பட்டன. கேட்பவர்களின் ஐபி முகவரிகளைப் பதிவு செய்வதை நிறுத்திவிட்டதாகவும், குறியாக்கப்பட்ட முறைக்கு மாறப்போவதாகவும் ஆப்பிள் அறிவிக்க வேண்டியதாயிற்று.

இனி, பயனரின் கையில் உள்ள அமைப்புகள். மேற்சொன்ன மூன்று தேர்வுகளில், எங்கிருந்து வந்தாலும் அனுமதிக்கும் மூன்றாவது தேர்வு 2016இல் சியாரா பதிப்போடு திரையிலிருந்து மறைந்துவிட்டது. டெர்மினலில் ஒரு கட்டளையிட்டு அதை மீட்டெடுக்கும் வழி இருந்தது. அந்தக் கட்டளை இணையத்தில் எங்கும் கிடைத்தது. ஒரே ஒரு செயலியைத் திறக்க முடியவில்லை என்பதற்காக அந்தக் கட்டளையை இட்டவர்கள், அன்றிலிருந்து வரப்போகும் எல்லாச் செயலிகளுக்கும் சேர்த்துக் காவலை நீக்கியவர்கள் ஆனார்கள். பலர் அதைத் திரும்பப் போட மறந்தும்போனார்கள். சான்றில்லாத ஒரு செயலியை மட்டும் அனுமதிக்க எளிய வழி அப்போதே இருந்தது: கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு சொடுக்கி, வரும் பட்டியலில் திறக்கச் சொன்னால், ஒப்புதல் கேட்டுவிட்டுத் திறக்கும்.

அந்த எளிய வழியை மோசடிக்காரர்களும் கற்றுக்கொண்டார்கள். 2023இல், மாதம் 1,000 டாலர் வாடகைக்கு டெலிகிராமில் விற்கப்பட்ட ஆட்டமிக் என்ற தகவல் திருடும் தீநிரல் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இத்தகைய தீநிரல்கள் வரும் நிறுவல் கோப்பைத் திறந்தால் தோன்றும் சாளரத்தின் பின்னணிப் படத்திலேயே, அம்புக்குறி போட்டு, வலது சொடுக்கு செய்து திறக்குமாறு வழிகாட்டியிருப்பார்கள். திறந்த பின், இயங்குதளமே கேட்பதுபோன்ற போலிப் பெட்டி ஒன்று கணினியின் கடவுச்சொல்லைக் கேட்கும். 2024 செப்டம்பரில் வந்த செகோயா பதிப்பில் ஆப்பிள் அந்தக் குறுக்குவழியை அடைத்துவிட்டது.

இன்றைய நடைமுறையில், சான்று பெறாத செயலியை இருமுறை சொடுக்கினால், அதில் தீநிரல் இல்லை என்று ஆப்பிளால் உறுதிசெய்ய முடியவில்லை என்ற செய்தியோடு ஒரு பெட்டி வருகிறது. அதில் இருப்பவை இரண்டே பொத்தான்கள்: ஒன்று, முடிந்தது என்று பெட்டியை மூடுவது, மற்றொன்று, செயலியைக் குப்பைத் தொட்டிக்கு அனுப்புவது. திறப்பதற்கான பொத்தான் அங்கே இல்லை. பெட்டியை மூடிவிட்டு, சிஸ்டம் செட்டிங்ஸ் பகுதியில் ‘பிரைவஸி அண்ட் செக்யூரிட்டி’ பக்கத்துக்குப் போய்க் கீழே இறங்கினால், தடுக்கப்பட்ட செயலியின் பெயரும் அதனருகே ‘ஓப்பன் எனிவே’ என்ற பொத்தானும் தெரியும். செயலியைத் திறக்க முயன்ற பின் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வரைதான் அந்தப் பொத்தான் அங்கே இருக்கும். அதை அழுத்தி, மீண்டும் ஒருமுறை உறுதி செய்து, கணினியின் கடவுச்சொல்லைக் கொடுத்தால் அந்த ஒரு செயலிக்கு மட்டும் விலக்குப் பதிவாகிவிடும். பிறகு அது மற்றச் செயலிகளைப் போலவே திறக்கும்.

எல்லா மறுப்புகளும் ஒன்றல்ல என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். உறுதிசெய்ய முடியவில்லை என்ற செய்திக்குப் பொருள், ஆப்பிளுக்கு இந்தச் செயலியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதுதான். தன்னார்வலர் ஒருவர் எழுதிய நேர்மையான சிறு கருவியும் இந்தச் செய்தியைப் பெறும். செயலி சிதைந்திருக்கிறது என்ற செய்தி வந்தால், பதிவிறக்கம் பாதியில் கெட்டிருக்கலாம், அல்லது கையொப்பமிட்ட பிறகு யாரோ உள்ளே கை வைத்திருக்கலாம். அந்தக் கோப்பை அழித்துவிட்டு மூலத் தளத்திலிருந்து மீண்டும் இறக்குவதே சரி. இந்தச் செயலி கணினிக்குச் சேதம் விளைவிக்கும் என்ற செய்தியோ முற்றிலும் வேறு. சான்று ரத்தானது, அல்லது தீநிரல் என்று அடையாளம் காணப்பட்டது என்பது அதன் பொருள். அதை மீறித் திறக்க வழி தேடுவது அறிவுடைமை ஆகாது. மூன்றையும் ஒரே தொல்லையாகக் கருதுகிறவர்களே மோசடிக்காரர்களுக்கு எளிதில் அகப்படுகிறார்கள்.

விண்டோஸ் இதே சிக்கலை வேறொரு கோணத்திலிருந்து அணுகுகிறது. அங்கும் இணையத்திலிருந்து வந்த கோப்புக்கு ஒரு குறி உண்டு. எந்த மண்டலத்திலிருந்து வந்தது என்பதற்கு ஓர் எண் எழுதப்படும், இணையத்துக்கு 3. ஆனால் 2012இல் விண்டோஸ் 8 முதல் இயங்குதளத்தின் அங்கமான ஸ்மார்ட்ஸ்கிரீன், கையொப்பத்தோடு நற்பெயரையும் எடைபோடுகிறது: இதே கோப்பை முன்பே ஏராளமானோர் இறக்கித் தொல்லையின்றிப் பயன்படுத்தியிருந்தால் எச்சரிக்கை இல்லை, புதிய கோப்பு என்றால் நீலத் திரை எழுந்து தடுக்கும், கூடுதல் விவரம் கேட்டால்தான் இயக்கும் பொத்தான் தெரியும். கூட்டத்தின் அனுபவத்தை அளவுகோலாகக் கொள்ளும் இந்த முறை, நேற்று வெளியான நல்ல செயலியையும் நேற்று வெளியான தீநிரலையும் ஒரே கண்ணோடுதான் பார்க்கும்.

யாருடைய கணினியில் யார் முடிவெடுப்பது என்ற பழைய வழக்கு இந்த மாற்றங்கள் ஒவ்வொன்றின்போதும் எழுந்திருக்கிறது. அது வீண் வழக்கும் இல்லை. ஆண்டுக்கு 99 டாலர் என்பது நிறுவனத்துக்குச் சில்லறை. ஓய்வு நேரத்தில் இலவசக் கருவி எழுதித் தரும் மாணவருக்கு அப்படி இல்லை. அவருடைய செயலியைத் திறக்கப் பயனர்கள் இன்று அமைப்புகளுக்குள் புகுந்து வர வேண்டியிருக்கிறது. பாதிப் பேர் வழியிலேயே திரும்பிவிடுவார்கள் என்பது எதிர்பார்க்கத் தக்கதே. ஆயினும், சில நொடிகளில் முடியும் ஒப்புதல் உண்மையில் ஒப்புதலாக இருக்கவில்லை என்பதைப் பின்னணிப் படத்து அம்புக்குறிகள் நிரூபித்துவிட்டன. 2024இன் மாற்றம் கதவை மூடவில்லை, நீளமான நடையொன்றைச் சேர்த்திருக்கிறது. அந்த அளவில் அது நியாயமே. ஏழை உருவாக்குநருக்குக் கட்டண விலக்கும் சேர்ந்திருந்தால் நியாயம் முழுமை பெற்றிருக்கும்.

காவல் கடுமையானதும் எதிரிகள் பாதையை மாற்றிக்கொண்டார்கள். செயலியைத் திறக்கச் சொல்வதை விட்டுவிட்டு, நீங்கள் மனிதர்தான் என்று நிரூபிக்க இந்த வரியை நகலெடுத்து டெர்மினலில் ஒட்டுங்கள், அல்லது இந்தக் கோப்பை டெர்மினல் சாளரத்துக்குள் இழுத்துப் போடுங்கள் என்று சொல்லும் போலிப் பக்கங்கள் இப்போது பெருகியிருக்கின்றன. அந்த வழியில் இறங்கும் நிரலுக்குக் குவாரன்டைன் குறி விழுவதில்லை. குறி இல்லையென்றால் கையொப்ப விசாரணையும் இல்லை, சான்று விசாரணையும் இல்லை. ஹோம்பிரூ போன்ற நேர்மையான திட்டங்களே தம்மை நிறுவிக்கொள்ள இப்படி ஒரு வரியை ஒட்டச் சொல்வதை வழக்கமாக்கியிருப்பது மோசடிக்காரர்களுக்கு வசதியாகப் போய்விட்டது. எனவே மேக் வைத்திருப்போர் அமைப்பை அடையாளம் தெரிந்த உருவாக்குநர்கள் என்ற இரண்டாவது நிலையிலேயே விட்டுவைத்து, விலக்குத் தேவைப்படும்போது அந்த ஒரு செயலிக்கு மட்டும் வழங்கட்டும். ஒட்டச் சொல்லப்படும் கட்டளை என்ன செய்கிறது என்று தமக்கு விளங்காதவரை அதை ஒட்டாமல் அந்தப் பக்கத்தை மூடிவிடட்டும்.